சிறைக்குள் ஹீரோ... தியேட்டரில் 3 தீபாவளி! எம்.கே.டி பாகவதர் பாட்டைப் பற்றி இன்னும் ஏன் சண்டை போடுறாங்க?

ராப் பாட்டு கேட்கிற நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தா, பேச்சு கடைசியில் பழைய ஆல்பங்களில்தான் போய் நிற்கும். எந்த ஆல்பம் பெஸ்ட், யாருக்கு எந்த வருஷம் உச்சம், ஜெயிலுக்குப் போய் வந்த பிறகு அந்தப் பாடகர் பழைய ஆள்தானா என்று விடிய விடிய விவாதம் ஓடும்.

இதே விவாதம் தமிழ்நாட்டில் 80 வருஷத்துக்கு முன்னாடியே நடந்திருக்கு. அப்போது ஆல்பம் கிடையாது, கிராமபோன் தட்டுதான். ராப்பர் கிடையாது, பாகவதர்தான். திண்டுக்கல் டவுன்ல ஒரு டீக்கடையில் பெரியவர்கள் பக்கத்துல உட்கார்ந்து எம்.கே.டி பேரை மட்டும் எடுத்துப் பாருங்க. அடுத்த அரை மணி நேரத்துக்கு உங்களுக்கு வேற வேலை இருக்காது.

அந்த எம்.கே.டி யார்? அவருக்கு என்ன ஆச்சு? அவர் பாட்டை வைத்து ரசிகர்கள் இன்னும் எதற்காக மோதிக்கொள்கிறார்கள்? முழுசா பார்க்கலாம்.

யார் இந்த எம்.கே.டி?

மாயவரம் கிருஷ்ணமூர்த்தி தியாகராஜன். சுருக்கமா எம்.கே.டி. 1910 மார்ச் 1-ம் தேதி மாயவரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில் பிறந்தார். பொற்கொல்லர் குடும்பம். பிழைப்புக்காகக் குடும்பம் திருச்சிக்கு வந்தது. அவர் வளர்ந்தது, பாடியது, பெயர் வாங்கியது எல்லாமே திருச்சியில்தான்.

பையனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை, பாட்டில்தான் மனசு. திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி.நடேச ஐயர், ரசிக ரஞ்சன சபா மூலம் நாடகங்கள் நடத்தி வந்தார். அவர் இந்தக் குரலைக் கேட்டு, அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். மேடையேறிய அந்தச் சின்னப் பையனை ஊரே திரும்பிப் பார்த்தது.

பிறகு முறையான பயிற்சி. வயலின் வித்வான் மதுரை பொன்னு ஐயங்கார், ஆலத்தூர் வெங்கடேச ஐயர் ஆகியோரிடம் கர்நாடக இசை கற்றார். கச்சேரி மேடையிலும் தேறிய பிறகுதான் பாகவதர் என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஒரு விஷயம் கவனிக்கணும். அந்தக் கால நாடக மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்கணும். அதனால் உச்ச ஸ்தாயியில் கணீர் என்று பாடுகிறவருக்குத்தான் மதிப்பு. செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா அந்த ரகத்தில் ராஜா. 1933-ல் கிட்டப்பா 27 வயதிலேயே இறந்துபோனார். அடுத்த வருஷம் எம்.கே.டி சினிமாவுக்குள் வந்தார்.

சுமார் 50 பாட்டு இருந்த முதல் படம்

1934-ல் வெளிவந்த பவளக்கொடிதான் முதல் படம். எம்.கே.டி-யும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துக்கொண்டிருந்த அதே நாடகம் படமானது. இயக்கம் கே.சுப்ரமணியம். அவருக்கும் அதுதான் முதல் படம். அதில் சுமார் 50 பாடல்கள் இருந்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கு ஒரு படத்தில் 5 பாட்டு இருந்தாலே போன் எடுக்கிறோம், இல்லையா?

1937-ல் இரண்டு பெரிய வெற்றி. ஒய்.வி.ராவ் இயக்கிய சிந்தாமணி, அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய அம்பிகாபதி. சிந்தாமணி ஓடிய ஓட்டத்தில் வந்த லாபத்தை வைத்தே மதுரையில் அதே பெயரில் ஒரு தியேட்டர் கட்டினார்கள். திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1985-ல். ஆக, பாகவதர் அலை மையம் கொண்ட இடத்துக்கு மிகப் பக்கத்து ஊர் இது.

தோள் வரை புரளும் முடிக்கு பாகவதர் கிராப் என்றே பெயர் வந்தது. அவர் ரயிலில் போகிறார் என்று தெரிந்தால் ஸ்டேஷன்களில் கூட்டம் கூடியது. தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் என்று இன்றைக்கும் அவரைச் சொல்வது சும்மா இல்லை.

ஒரு பக்கம் 3 நிமிஷம்

இப்போது தட்டு விஷயத்துக்கு வருவோம். ரசிகர் சண்டை தொடங்குவது இங்கேதான்.

அன்றைய இசைத்தட்டு நிமிஷத்துக்கு 78 முறை சுற்றும். அரக்கு கலந்து செய்ததால் கை தவறினால் உடையும். வழக்கமான 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் 3 நிமிஷம்தான் ஓடும். பெட்டிக்குச் சாவி கொடுக்கணும், ஊசியை அடிக்கடி மாற்றணும். மேடையில் அரை மணி நேரம் விரிவாகப் பாடும் ஒருவர், அந்த 3 நிமிஷத்துக்குள் ராகம், சாகித்தியம், உச்சம் எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆரம்ப காலப் பேசும் படங்களில் நடிகர்கள் கேமரா முன்னாடியே பாடினார்கள். பின்னணி இசைக்காரர்கள் கேமராவில் படாமல் ஒதுங்கி நின்று வாசித்தார்கள். தட்டுக்கு அதே பாட்டைத் தனியாக ஸ்டுடியோவில் பாடிப் பதிவு செய்வது வழக்கம். அதனால் படத்தில் கேட்கிற பாட்டும் தட்டில் கேட்கிற பாட்டும் பல நேரம் ஒன்றல்ல. ஒரு சங்கதி கூடும், ஒரு பிர்கா குறையும், வேகம் மாறும்.

எது ஒரிஜினல் என்று பழைய ரசிகர்கள் அடித்துக்கொள்வது இதனால்தான். இரண்டுமே ஒரிஜினல் என்பதுதான் உண்மை. ஆனா அதை ஒத்துக்கொள்ள ஆள் வேண்டுமே!

சிவகவியா, ஹரிதாஸா?

பாகவதர் நடித்தது மொத்தம் 14 படங்கள்தான். 1939-ல் திருநீலகண்டர், 1941-ல் அசோக்குமார், 1943-ல் சிவகவி, 1944-ல் ஹரிதாஸ். இதில் கடைசி இரண்டில் எது உச்சம் என்பதுதான் பெரிய பஞ்சாயத்து.

சிவகவி கட்சி சொல்வது இது: இந்தப் படத்தில் பாகவதர் கச்சேரி வித்வானாகவே பாடியிருக்கிறார். பொய்யாமொழிப் புலவர் கதை. சிவனை மட்டும்தான் பாடுவேன், முருகனைப் பாட மாட்டேன் என்று நிற்கும் ஒரு புலவன், கடைசியில் முருகனிடமே தோற்பான். பழனி மலையைப் பார்த்து வளர்ந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை சொல்லித் தரவே வேண்டாம். பந்துவராளியில் அமைந்த அம்பாள் பாட்டு ஒன்று போதும், குரலின் கனத்தைப் புரிந்துகொள்ள.

ஹரிதாஸ் கட்சிக்கு வேறு வாதம். சங்கீதம் தெரியாதவரையும் உட்கார வைப்பதுதானே பெரிய பாட்டு? வெள்ளைக் குதிரையில் வந்தபடி பாடும் அந்த முதல் காட்சி, சாருகேசி ராகத்தில் அமைந்த மன்மத லீலைப் பாட்டு, கண்ணனை அழைக்கும் பக்திப் பாட்டு என்று படம் முழுக்க எளிமை. சாருகேசி என்ற ராகத்தின் பேரே தெரியாதவர்களும் அந்த மெட்டை முணுமுணுத்தார்கள்.

இரண்டுக்கும் பின்னால் இருந்தவர்கள் ஒரே ஆட்கள். பாட்டெழுதி மெட்டமைத்தவர் பாபநாசம் சிவன். வாத்திய இசையைச் சேர்த்துக் கட்டியவர் ஜி.ராமநாதன். கீர்த்தனை எழுதுகிற ஒரு வித்வானும் சினிமா நாடி பிடித்த ஓர் இசையமைப்பாளரும் நடுவில் இப்படி ஒரு குரலும் சேர்ந்த காலம் அது. ராப் ரசிகர்கள் பாஷையில் சொன்னா, பாடகருக்குச் சரியான புரொடியூசர் கிடைத்த கட்டம்.

எதிர் கோஷ்டி இல்லாமலா?

நிச்சயமா இருந்தது. புதுக்கோட்டை பி.யு.சின்னப்பா. 1940-ல் உத்தமபுத்திரன் படத்தில் இரட்டை வேஷம் போட்டு அசத்தியவர். ஆர்யமாலா, கண்ணகி, ஜகதலப்பிரதாபன் என்று வரிசையாக வெற்றிகள்.

பாகவதர் ரசிகர்களுக்குக் குரல் இனிமை முக்கியம். சின்னப்பா ரசிகர்களுக்கு நடிப்பு, சண்டை, பாட்டு மூன்றும் வேண்டும். நடிப்பை மட்டும் அளவுகோலாக எடுத்தால் சின்னப்பா பக்கம் நியாயம் அதிகம். பாகவதர் பெரும்பாலும் பாட்டுக்காக நின்றார், பாட்டுக்காக நடந்தார். இதை எம்.கே.டி ரசிகர்களே தனியாக இருக்கும்போது ஒத்துக்கொள்வார்கள். பின்னாளில் எம்.ஜி.ஆர் - சிவாஜி என்று ஊர் இரண்டாகப் பிரிந்ததற்கு ஒத்திகை இங்கேயே நடந்துவிட்டது.

1944: உச்சமும் வீழ்ச்சியும்

1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் ரிலீஸ். சரியாக அதே சமயத்தில்தான் எல்லாம் தலைகீழானது.

சென்னையில் சி.என்.லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் இருந்தார். சினிமா தூது, பிறகு இந்து நேசன் என்ற இதழ்களில் நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதியே விற்றவர். பாகவதர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னரிடமே மனு கொடுத்து சினிமா தூது நிற்கக் காரணமாக இருந்தார்கள். பகை அங்கிருந்தே இருந்தது.

1944 நவம்பர் 8-ம் தேதி, வேப்பேரியில் கை ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அடுத்த மாதமே பாகவதரும் கலைவாணரும் கைது. ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார். ஆனால் அவர் விடுவிக்கப்பட்டார்.

1945 மே மாதம் தீர்ப்பு. பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை. சென்னை ஐகோர்ட்டில் செய்த அப்பீலும் அதே வருஷம் தள்ளுபடி. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மறுபடி விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. 1947 ஏப்ரலில் ஐகோர்ட் இருவரையும் விடுதலை செய்தது. லட்சுமிகாந்தனைக் கொன்றது யார், கொல்லச் சொன்னது யார் என்பதற்கு இன்றுவரை முடிவான பதில் இல்லை.

இதில் நெஞ்சை அடைக்கிற விஷயம் என்ன தெரியுமா? அவர் சிறையில் இருந்த காலத்தில், சென்னை பிராட்வே தியேட்டரில் ஹரிதாஸ் ஓடிக்கொண்டிருந்தது. 1944, 1945, 1946 என்று 3 தீபாவளியைப் பார்த்த படம். வெளியே அவர் பாட்டுக்குக் கூட்டம், உள்ளே அவர் கைதி.

டூபாக்கும் பாகவதரும்

ஹிப்ஹாப் கேட்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெயர் ஞாபகம் வரும். அமெரிக்க ராப்பர் டூபாக் ஷகூர். 1995-ல் அவர் சிறையில் இருந்தபோதுதான் மீ அகெய்ன்ஸ்ட் தி வேர்ல்ட் ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அந்த வருஷ அக்டோபரில் ஜாமீனில் வந்தார். 1996 பிப்ரவரியில் ஆல் ஐஸ் ஆன் மீ வெளியானது. அது இன்னும் பெரிய வெற்றி. செப்டம்பரில் சுடப்பட்டு 25 வயதில் இறந்தார்.

சிறைக்குள் ஆள், வெளியே பாட்டு என்பது வரை இரண்டு கதையும் ஒன்று. அதற்குப் பிறகு தடம் மாறுகிறது. டூபாக் வெளியே வந்து ஒரே வருஷத்துக்குள் உச்சத்தைத் தொட்டார், ஆயுள்தான் இல்லை. பாகவதருக்கு வெளியே வந்து 12 வருஷம் கிடைத்தது, வெற்றிதான் இல்லை.

வெளியே வந்த பிறகு என்ன ஆச்சு?

1948-ல் ராஜமுக்தி. புனேயில் எடுத்த படம். இதற்கு வசனம் எழுதப் போன எழுத்தாளர் புதுமைப்பித்தன் காசநோயோடு திரும்பினார், படம் வெளிவரும் முன்பே அந்த வருஷம் ஜூன் 30-ல் இறந்துபோனார். படம் எடுபடவில்லை.

1952-ல் அமரகவி, சியாமளா. 1957-ல் அவரே இயக்கிய புதுவாழ்வு. எதுவும் பழைய உயரத்தைத் தொடவில்லை. வழக்குச் செலவு ஒரு பக்கம், ஓடாத படங்கள் மறு பக்கம் என்று சேர்த்த சொத்து கரைந்தது. சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது.

ஏன் மீள முடியவில்லை? ரசிகர்களின் உண்மையான விவாதம் இதுதான். 3 கட்சி உண்டு.

முதல் கட்சி: சிறை அவர் குரலையும் மனசையும் உடைத்துவிட்டது. இதற்குப் பதில் வேண்டுமென்றால் அமரகவி பாட்டுகளைக் கேட்கச் சொல்வார்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். மறுபடி ஜி.ராமநாதன் இசை. குரலில் வயசு தெரிகிறது, ஆனா சுருதியும் உருக்கமும் அப்படியே இருக்கு. உடைந்த குரல் என்று அதைச் சொல்ல முடியாது.

இரண்டாவது கட்சி: கொலை வழக்குப் பேர் ஒட்டிக்கொண்டது, பக்தி வேஷத்தில் ஜனங்கள் ஏற்கவில்லை. இதற்கு ஒரு பலமான மறுப்பு கலைவாணர். அதே வழக்கு, அதே தண்டனை, அதே நாள் விடுதலை. அவர் 1949-ல் நல்லதம்பி, 1951-ல் மணமகள் என்று சினிமாவில் மறுபடி நிமிர்ந்து நின்றார். ஆக, வழக்கை மட்டும் காரணம் சொன்னால் கணக்கு உதைக்கும்.

மூன்றாவது கட்சி: மாறியது பாகவதர் இல்லை, காலம். இதற்குத்தான் ஆதாரம் அதிகம். அவர் உள்ளே போனபோது நடிகருக்குப் பாடத் தெரிஞ்சிருக்கணும். வெளியே வந்தபோது பின்னணிப் பாட்டு வேர் பிடித்துவிட்டது. நடிக்க ஒருவர், பாட ஒருவர். 1947-ல் ராஜகுமாரி மூலம் எம்.ஜி.ஆர் நாயகன் ஆனார். 1948-ல் சந்திரலேகா பிரமாண்டம் காட்டியது. அமரகவி வந்த அதே 1952-ல் பராசக்தியும் வந்தது. ஜனங்கள் பாட்டுக்காக மட்டும் இல்லை, வசனத்துக்காகவும் தியேட்டருக்குப் போக ஆரம்பித்தார்கள். கலைவாணருக்குச் சிரிப்பும் சிந்தனையும் கையில் இருந்தது, புதுக்காலத்துக்கும் அது செல்லுபடியானது. பாகவதர் கையில் இருந்தது பாட்டு. அந்தப் பாட்டைப் பாட அவர் நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

அப்படியென்றால் அவர் பின்னணி பாடியிருக்கலாமே என்று கேட்கலாம். திரையில் தானே தெரிந்து தானே பாடிய தலைமுறை அது. இன்னொரு முகத்துக்குக் குரல் கொடுப்பது என்பது அவர்கள் அதுவரை வாழ்ந்த வாழ்க்கைக்கே எதிரானது. அதை கர்வம் என்பதா, சுயமரியாதை என்பதா? கேட்பவரைப் பொறுத்தது.

கடைசி நாட்களும் தொடர்ச்சியும்

1959 நவம்பர் 1-ம் தேதி சென்னையில் பாகவதர் காலமானார். 49 வயதுதான். உடல் திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் நடித்த சிவகாமி, இறந்த பிறகு 1960-ல்தான் வெளிவந்தது. திருச்சியில் இப்போது அரசு கட்டிய மணிமண்டபம் இருக்கிறது.

ஆனா குரல் அத்தோடு நிற்கவில்லை. மதுரையிலிருந்து வந்த டி.எம்.சௌந்தரராஜன், 1950-ல் கிருஷ்ண விஜயம் படத்தில் பாகவதர் பாணியில் பாடித்தான் சினிமாவுக்குள் நுழைந்தார். திண்டுக்கல் - மதுரை ரயில் பாதையில் இருக்கிற சோழவந்தான் பக்கத்திலிருந்து வந்த டி.ஆர்.மகாலிங்கம், கிட்டப்பா வழியில் அதே உச்ச ஸ்தாயிப் பாட்டைத் தொடர்ந்தார். இன்றைக்கு சிவாஜி, எம்.ஜி.ஆர் பாட்டு என்று நாம் ரசிப்பதில் டி.எம்.எஸ் வழியாகப் பாகவதரின் ஒரு துளி இருக்கத்தான் செய்கிறது.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

புதுசா கேட்கிறவர்கள் ஹரிதாஸில் தொடங்குங்க, உடனே பிடிக்கும். அடுத்து சிவகவி. கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனா காது பழகிய பிறகு விடாது. பிறகு அம்பிகாபதி, அசோக்குமார். கடைசியாக அமரகவி. முதல் ஒலியில் இரைச்சல்தான் முன்னாடி நிற்கும். ஹெட்போன் போட்டு இரண்டு தடவை கேட்டால் இரைச்சல் பின்னாடி போய் குரல் முன்னாடி வரும்.

ஹரிதாஸையும் அமரகவியையும் அடுத்தடுத்து கேட்டுவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. 8 வருஷ இடைவெளியில் தேய்ந்தது அந்தக் குரலா, அல்லது கேட்கிற காதா? திண்டுக்கல் டீக்கடைப் பெரியவர்களுக்கு ஒரு பதில் இருக்கும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தா அவர்களிடம் கேளுங்க, அவர்களுக்கு வேறொரு பதில் இருக்கும்.